மரியாதை ஏழாம் பாடத்தில்

பூர்மகான் அந்தத் தாளை வெங்காய மூட்டையின் மேல் விரித்து, காற்று பிடுங்கிப் போகாமல் இருக்க மூலைக்கு ஒரு வெங்காயம் வைத்தாள்.

போன வாரம் அவளுடைய ஓரகத்தி ஷராபத் வேலிக்கு மேலாக நீட்டிவிட்டு, முகம் பாராமல் திரும்பிப் போனாளே, அதே தாள். கொடுத்தனுப்பியவர் ஷராபத்தின் கணவர். பூர்மகானுக்கு மூத்தார், கணவனின் அண்ணன். எங்கள் கோக்-சாய் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர். இன்று மதியம் மாவட்டத்து அதிகாரி வருகிறார். அவர் முன்னால், செல்பேசியில், மூன்று கிராமத்து மாணவர்களும் கேட்க, பூர்மகான் வாசித்துக் காட்ட வேண்டிய மாதிரிப் பாடம் அந்தத் தாளில் இருந்தது.

நான்கே வரி.

தாஷ். தெமிர்.
தாஷ்தெமிர் வந்தார்.
தாஷ்தெமிர் கல்லைத் தூக்கினார்.
தாஷ்தெமிர் இரும்பை வளைத்தார்.

தாஷ் என்றால் கல். தெமிர் என்றால் இரும்பு. எந்தக் குழந்தைக்கும் முதல் புத்தகத்தில் வருகிற சொற்கள்தான். ஆனால் இரண்டையும் சேர்த்தால் அது தலைமை ஆசிரியரின் பெயர்.

மருமகளாக வந்தவள் கணவனின் பேரையும் அவனுக்கு மூத்தவர்களின் பேரையும் வாயால் சொல்வது எங்களில் கிடையாது. அந்தப் பேருக்குள் இருக்கும் சொல்லைக்கூடத் தொடக் கூடாது. அதனால் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து பூர்மகானுக்குக் கல் என்றால் ‘கெட்டி’. இரும்பு என்றால் ‘கறுப்பன்’. “அந்தக் கறுப்பன் வாளியைக் கொண்டா, பாத்து வா, வழியெல்லாம் கெட்டி கிடக்குது” என்றுதான் வயலில் கத்துவாள். எங்களுக்கும் அது பழகிப்போய்விட்டது.

“நக்கலைப் பாத்தியாம்மா?” என்றாள் செசிம். பூர்மகானின் ஒரே மகள். தலைநகரத்துக் கல்லூரியிலிருந்து இதற்காகவே வந்திருந்தாள். “புத்தகத்துல ‘ஆடு வந்தது’ன்னுதான் இருக்கு. பெரியப்பா ஆட்டை வெரட்டிட்டுத் தன்னைப் போட்டுக்கிட்டாரு.”

“ஆட்டுக்குப் பதிலா இவரு. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.”

“சிரிக்காதம்மா. நீ அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும். நீ எல்லார் முன்னாடியும் திணறி நிப்ப. ‘பாவம், எழுத்துக் கூட்டத் தெரியல’ன்னு அந்த அதிகாரி அம்மாகிட்ட சொல்லி, படிப்புத் திட்டத்தை அப்படியே தன் கைக்கு மாத்திக்குவாரு.”

“தெரியும்.”

“மாத்திக்கிட்டா முதல் வேலையா பாடத்தைப் பகல்ல பள்ளிக்கூடத்துல வச்சுக்குவாரு. எந்த மருமக பகல்ல வீட்டை விட்டு வர முடியும்?”

“அதுவும் தெரியும்.”

“அப்ப என்ன செய்யப் போற?”

பூர்மகான் ஓர் அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி, பள்ளிக்கூடம் இருந்த திசையில் ஓங்கி எறிந்தாள்.

*

இந்தத் திட்டம் எந்த அலுவலகத்திலும் பிறக்கவில்லை. கல்லூரிக்குப் போன செசிம், விடுதியிலிருந்து அம்மாவுக்குத் தினமும் ஒரு எழுத்தைக் குரலாக அனுப்பினாள். பூர்மகான் செல்பேசியை மார்புக்குள் செருகிக்கொண்டு களை பறித்தபடியே கேட்டாள். கேட்டதை மண்ணில் களைக்கொத்தால் எழுதிப் பார்த்தாள். திருப்பிச் சொல்லி அனுப்பினாள். எங்கள் வரப்புகளெல்லாம் எழுத்தாகக் கிடந்த காலம் அது. அடுத்த பாத்தியில் குனிந்திருந்த எங்களில் சிலரும் அப்படித்தான் ஒட்டுக் கேட்டுப் படித்தோம்.

வசந்தத்தில் வயலைப் பார்வையிட வந்த மாவட்ட அதிகாரி தமாரா, மண்ணில் எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டார். “இதையே மூணு கிராமத்துக்கும் செய்ய முடியுமா?” என்று கேட்டார். பெரியவர்களுக்கான தொலைவழிப் படிப்பு அப்படித்தான் தொடங்கியது. எங்கள் பேச்சில் அதற்கு ‘வெளியிலிருந்து படிப்பு’ என்று பேர். வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

கோடை முழுக்க அம்மாவும் மகளும் அதைத்தான் திட்டம் போட்டார்கள். இப்போதும் மூட்டை கட்டிக்கொண்டே செசிம் அதிகாரியாக மாறிக் கேள்வி கேட்டாள்.

“பாடம் எப்ப அனுப்புவீங்க?”

“சாயங்காலம் பால் கறந்த பிறகு. மாமியார் டீ குடிக்க உக்காருற நேரம். அப்பதான் போன் மருமக கைக்கு வரும்.”

“மலைமேல ஆடு மேய்க்கிறவங்க?”

“மேட்டுல ஏறினாத்தான் அங்க சிக்னல். அதனால பாடம் ஒரு கிண்ணம் டீ ஆறுற நேரத்துக்குள்ள முடிஞ்சிரணும்.”

“சைபீரியாவுல கட்டட வேலை செய்யற ஆம்பளைங்க?”

“அவனுங்க பாடத்தைக் கேட்டதும் தூங்கிருவானுங்க. அவனுங்களுக்குக் கேள்வியை முதல்ல அனுப்பணும். பாடத்தை அப்புறம்.”

செசிம் சிரித்தாள். பூர்மகான் சிரிக்கவில்லை. அவள் கண் அந்தத் தாளிலேயே இருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் போர் நடந்த காலத்தில் ஓடி வந்த குடும்பம் அவளுடையது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காமல் வளர்ந்தாள். கல்யாணமாகி வந்த வருஷம் எழுத்தறியாதவர்களுக்காக இங்கே மாலை வகுப்பு வைத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் மூத்தார். கடைசி பெஞ்சில் கணவன் எசென்குல், துணைக்கு. இலையுதிர்காலம் முழுக்கப் போனாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக முகம் காட்டத் தொடங்கியிருந்தன.

ஒரு நாள் அவர் பலகையில் பெரிதாக ஒரு சொல்லை எழுதி, “தம்பி பொண்டாட்டி, எழுந்திரு. படி” என்றார்.

அவள் கூட்டினாள். த... தா... தாஷ்... அப்போதுதான் அங்கே எழுதியிருப்பது என்ன என்று உறைத்தது. நாக்கு அப்படியே நின்றது.

“படிச்சா நீ மானம் கெட்டவ. படிக்கலைன்னா மக்கு. எதுன்னு நீயே சொல்லு.”

வகுப்பே சிரித்தது. அவள் தலை குனிந்து நின்றாள்.

“சரி, மக்குதான்” என்று அவள் பேரை அடித்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து, அவர் சொல்படி, அவள் அதே அறையைக் கூட்டப் போனாள்.

பிறகு வெங்காயம். பிறகு பீட்ரூட். மறுபடி வெங்காயம். முதுகு ஒடிகிற வேலைக்கு நடுவே ஒரு ஆளை நிமிர்த்தி வைத்திருப்பது சில சமயம் சோறு அல்ல, கோபம். அது எங்களுக்குத் தெரியும். பூர்மகான் அந்தச் சிரிப்பை ஒரு நாளும் ஆற விட்டதில்லை. குனியும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, நிமிரும்போதெல்லாம் பத்திரமாக உள்ளே வைத்தாள்.

*

வெயில் ஏறுவதற்குள் ஷராபத் வயலுக்கு வந்தாள். தலைமை ஆசிரியரின் மனைவி வயலுக்கு வருவது எங்களுக்குப் புதுசு. தூக்கில் மோர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“பூர்மகான், உனக்குக் காய்ச்சல்.”

“எனக்கா?”

“காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கோ. வேற யாராவது படிக்கட்டும். இன்னைக்கு மட்டும்.”

“அவரு அனுப்பினாரா?”

“அவரு அனுப்பினா நான் மோர் கொண்டு வருவேனா? நானா வந்தேன். காலையில அவரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே சிரிச்சாரு. அவரு சிரிச்சா எனக்குப் பயம்.”

“உனக்கென்ன பயம் அக்கா? ஹெட்மாஸ்டர் வீட்டு அம்மா நீ. வாசல்ல நாற்காலி போட்டுப் பேப்பர் விரிச்சு உக்காருற. நாங்க மண்ணுல உக்காருறோம்.” பூர்மகானின் குரலில் விஷம் இருந்தது. ஷராபத்துக்கு அது தகாது என்று எங்களுக்கே பட்டது. ஆனால் பழி பசியோடு இருக்கும்போது எதிரே வருகிற எதையும் கடிக்கும்.

ஷராபத் தலைத்துணியை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அந்தப் பாடம் எவ்வளவு தூரம் போகும்?” என்று மட்டும் கேட்டாள்.

“சைபீரியா வரைக்கும்.”

“அவ்வளவு தூரமா?” என்றாள் ஷராபத். தூக்கை எடுக்காமலே போய்விட்டாள்.

அவள் வரப்பு தாண்டுவதற்குள் செல்பேசி அடித்தது. எசென்குல். சைபீரியாவில் அவன் கட்டட வேலை செய்யும் நோவோசிபிர்ஸ்க்கிலிருந்து. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன்.

“என்னங்க?” என்றாள் பூர்மகான்.

“அண்ணன் போன் பண்ணாரு.”

“அதானே பாத்தேன்.”

“இங்க பாரு, அந்தப் பாடத்தைப் படிக்காத. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிரு. நீ அவரு பேரைச் சொல்லிட்டேன்னு வை, நான் எந்த மூஞ்சியோட ஊருக்குத் திரும்புவேன்? நாம இருக்கறது அவரு வளவுக்குள்ள. வீடு அவரு பேருல.”

“அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தது யாரு?”

“அது வேற.”

“அந்த வகுப்புல, பலகையில எழுதிட்டு என்னை எழுந்திரிக்கச் சொன்னாரே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

அந்தப் பக்கம் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது.

“கடைசி பெஞ்சுல,” என்றான்.

“என்ன செஞ்சீங்க?”

“இப்ப எதுக்கு அது?”

“நீங்களும் சிரிச்சீங்க. நான் தலையைக் குனிஞ்சுதான் நின்னேன், ஆனா காது குனியல. எல்லாச் சிரிப்புக்கு நடுவுலயும் உங்க சிரிப்பு எனக்குத் தனியாத் தெரிஞ்சது.”

“பூர்மகான்...”

“நீங்களும் பாடம் கேக்கற குழுவுல இருக்கீங்க இல்ல? மதியம் கேளுங்க.”

அவள் வைத்துவிட்டாள். செசிம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்த கதை அவளுக்கு அதுவரை தெரியாது.

“வீட்டை விட்டுத் துரத்துவாங்கம்மா,” என்றாள் மெதுவாக.

“துரத்தட்டும். கையைக் கழுவிக்கிட்டு வா. போவோம்.”

*

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் கம்பளம் விரித்து, நடுவில் மேசை போட்டிருந்தார்கள். ரொட்டி, பொரித்த மாவு உருண்டை, ஜாம், பெரிய கெண்டியில் டீ. மேசை மேல் செல்பேசி, வாயைத் திறந்து வைத்த மாதிரி மல்லாந்து கிடந்தது. குழுவிலிருக்கிற எல்லாருக்கும் முன்கூட்டியே செய்தி போயிருந்தது: பாடம் வரும், கேட்டுத் திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும்.

வெங்காய வேலையை விட்டுவிட்டு நாங்களும் ஜன்னலோரம் போய் நின்றோம். யாரும் துரத்தவில்லை. தலைமை ஆசிரியருக்குப் பார்வையாளர்கள் வேண்டியிருந்தது.

இஸ்திரி மடிப்புக் கலையாமல் அவர் வந்தார். கையால் இடம் காட்டி அதிகாரி தமாராவை உட்கார வைத்தார். தானே டீ ஊற்றிக் கொடுத்தார்.

“இவதான் என் தம்பி சம்சாரம். வயல்ல நல்லா வேலை செய்வா,” என்றார்.

“தெரியும். திட்டமே இவங்களோடதுதானே,” என்றார் தமாரா.

“குழந்தை நடக்கற மாதிரிதான். நாம கையைப் பிடிச்சுக்கணும். திட்டத்தைப் பூரா நான்தான் பாத்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். மாதிரிப் பாடமும் நானே தயார் பண்ணேன்.”

“பாத்தேன். உங்க பேரே இருக்கே அதுல?”

“மாணவர்களுக்குப் பழக்கமான பேரா இருந்தா சுலபம் பாருங்க.”

தமாரா நகரத்துக்காரர். அந்தப் பேர் யாருக்குச் சுலபம், யாருக்குக் கஷ்டம் என்று அவருக்குப் படவில்லை. எங்களுக்குப் பட்டது. எங்கள் பக்கம் நின்ற பெண்களில் பாதிப் பேர் அதே குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அவர்களுக்கும் அவர் மூத்தார்தான், இல்லாவிட்டால் மாமனார் முறை. ஒருத்தி வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

“ஆரம்பிக்கலாமா, தம்பி பொண்டாட்டி?” என்றார் அவர்.

அன்று பலகை முன்னால் கூப்பிட்ட அதே குரல், அதே இழுப்பு.

பூர்மகான் எழுந்தாள். செசிம் பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

“வணக்கம். இது வெளியிலிருந்து படிப்பு. முதல் பாடம்.” அவள் குரல் நடுங்கவில்லை. “நான் சொல்றதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லணும். த...”

நின்றாள்.

வெகு காலமாகத் தடுத்து வைத்திருந்த சொல். வாய்வரை வந்து பல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டது. பழக்கம் என்பது வெறும் பயம் இல்லை. அது நாக்கிலேயே ஊறிப்போன ஒன்று.

தலைமை ஆசிரியர் அதிகாரியின் பக்கம் சாய்ந்தார். “கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மரியாதை ஜாஸ்தி. படிப்புதான் கம்மி.” பிறகு பூர்மகானைப் பார்த்துச் சிரித்தார். “உக்காரும்மா. பரவாயில்ல. நான் படிக்கறேன்.”

அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உதவி செய்தது.

“தாஷ்,” என்றாள் பூர்மகான். “தெமிர்.”

ஜன்னலோரம் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“தாஷ்தெமிர்.”

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி.

“தாஷ்தெமிர் வந்தான்.”

“வந்தார்!” என்று அவர் எழுந்தே விட்டார். “தாள்ல ‘வந்தார்’னு இருக்கு! படிக்கத் தெரியலையா உனக்கு?”

பூர்மகான் முதல்தடவையாக அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“இது முதல் பாடம். மரியாதையாப் பேசறது ஏழாம் பாடத்துலதான் வருது. திட்டத்துல அப்படித்தான் இருக்கு. நீங்களே பாத்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டது.”

தமாரா கோப்பைத் திறந்து புரட்டினார். விரலை வைத்துத் தேடினார்.

“ஆமா,” என்றார். “ஏழாவதுதான்.”

தலைமை ஆசிரியர் உட்கார்ந்தார். உட்காரவில்லை, இறங்கினார் என்று சொல்ல வேண்டும்.

“தாஷ்தெமிர் கல்லைத் தூக்கினான். தாஷ்தெமிர் இரும்பை வளைச்சான்.” பூர்மகான் தாளை மடித்து மேசையில் வைத்தாள். பாடம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அவள் முடிக்கவில்லை. “இப்ப ஒரு பேரை எப்படி எப்படியெல்லாம் மாத்திச் சொல்லலாம்னு பாப்போம். தாஷ்தெமிரைப் பாரு. தாஷ்தெமிரால முடியாது. தாஷ்தெமிருக்குத் தெரியாது. தாஷ்தெமிர்கிட்ட பயம் இல்ல.”

ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டாள். நல்ல ஆசிரியர்கள் விடுகிற மாதிரி.

“கேட்டாச்சு இல்ல? இனி உங்க முறை. சொல்லி அனுப்புங்க.”

செசிம் விரலை எடுத்தாள். பாடம் போனது.

தலைமை ஆசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மெதுவாக அவருக்கு நிறம் திரும்பியது. “பாத்தீங்களா?” என்றார் தமாராவிடம். “எவ சொல்லி அனுப்புவா? இந்த மாதிரி மானங்கெட்ட பாடத்துக்கு ஒரு பதிலும் வராது. இது இந்த ஊருக்கு ஒத்து வராத திட்டம். நான் முதல்லயே...”

செல்பேசி கிணுங்கியது.

செசிம் ஒலியைக் கூட்டினாள். ஒரு பெண் குரல், அடக்கி அடக்கி, மாட்டுக் கொட்டிலிலிருந்து பேசுகிற மாதிரி: “தாஷ்... தெமிர். தாஷ்தெமிர் வந்தான்.” உடனே ஒரு களுக். வெட்டுப்பட்டது.

அடுத்தது கிணுங்கியது. மேல் கிராமத்துக்காரி. பின்னால் பீட்ரூட் வயலில் டிராக்டர் ஓடியது. “தாஷ்தெமிருக்குத் தெரியாது!” என்று டிராக்டருக்கு மேலாகக் கத்தினாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள்.

அடுத்தது ஒரு ஆண். மேட்டிலிருந்து, காற்றோடு. “தாஷ்தெமிரால முடியாது, முடியாது,” என்று பாட்டாகவே பாடி அனுப்பியிருந்தான். ஆடுகள் பின்பாட்டுப் பாடின.

பிறகு எண்ண முடியவில்லை. ஒன்று முடிவதற்குள் ஒன்று வந்தது. பயந்த குரல், சிரித்த குரல், குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேசிய குரல். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து கல்லைக் கெட்டி என்றும் இரும்பைக் கறுப்பன் என்றும் சொன்ன வாயெல்லாம் அந்தப் பேரை மென்றன. சிலருக்கு ஒரு தடவை போதவில்லை.

ஜன்னலோரம் நின்ற ஒருத்தி துணியை வாயிலிருந்து எடுத்தாள். “தாஷ்தெமிர்,” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது போலும். இன்னொரு தடவையும் சொன்னாள். அப்புறம் சிரிப்பு கிளம்பியது. ஜன்னல் ஜன்னலாகத் தாவிக் கூடத்துக்குள் போனது.

பூர்மகான் அசையாமல் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை குனிந்திருந்தது. எவ்வளவு நேரம் குனிந்திருக்கிறது என்று அளந்து பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“நான் பாத்த எந்த மாதிரிப் பாடத்துக்கும் இவ்வளவு பதில் வந்ததில்ல,” என்றார் தமாரா. அவருக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். வாயோரம் துடித்தது. “திட்டம் பூர்மகான் கையிலயே இருக்கட்டும். அடுத்த வாரம் இரண்டாம் பாடம்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயைக் குடித்து முடித்துவிட்டுப் புறப்பட்டார்.

கார் போனதும் தாழ்வாரத்தில் தலைமை ஆசிரியர் பூர்மகானை மறித்தார். இப்போது மடிப்பு கலைந்திருந்தது.

“திருப்தியா?”

“இல்ல,” என்றாள் அவள். “அன்னைக்கு நான் ஒரு குளிர்காலம் பூரா அந்த அறையைக் கூட்டினேன். நீங்க இன்னும் துடைப்பத்தையே தொடல.”

“சாயங்காலத்துக்குள்ள உன் சாமான் பூரா வாசலுக்கு வெளியில கிடக்கும்.”

“கிடக்கட்டும். வெளியிலிருந்துதானே படிக்கறோம்.”

*

சொன்னபடியே செய்தார். மாடுகள் மேய்ச்சலிலிருந்து தூசி கிளப்பிக்கொண்டு திரும்பும் நேரம், வளவு வாசலுக்கு வெளியே மெத்தைகள், போர்வைகள், கெண்டி, செசிமின் புத்தகப் பெட்டி எல்லாம் குவிந்து கிடந்தன. நாங்கள் ஆளுக்கு ஒரு கை பிடித்து ஓரமாக அடுக்கினோம். யார் வீட்டில் தங்குவது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. பூர்மகான் எந்த வீட்டுக்கும் உடனே வர மறுத்தாள். மெத்தை மேல் ஏறி, அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“அவரு என்னைப் பாக்கணும்,” என்றாள்.

செசிம் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பதில்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள். சைபீரியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. எசென்குல் தங்கியிருக்கும் கூடாரத்திலிருந்தே ஒருவன் அனுப்பியிருந்தான். எசென்குலிடமிருந்து ஒன்றும் இல்லை. பாடத்தைக் கேட்டுவிட்டான் என்று மட்டும் செல்பேசி காட்டியது.

“அப்பா கேட்டிருக்காரும்மா.”

“கேட்டா போதும்,” என்றாள் பூர்மகான். போதாது என்று முகம் சொன்னது.

இன்னொன்று கிணுங்கியது. செசிம் எண்ணைப் பார்த்தாள். குழுவில் புதிதாகச் சேர்ந்த எண். பேர் இல்லை. அழுத்தினாள்.

முதலில் மாடு அசை போடும் சத்தம். பிறகு மூச்சு. பிறகு ஒரு பெண் குரல், ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்து வைத்து நடக்கிற மாதிரி.

“தாஷ்தெமிர்.”

பூர்மகான் நிமிர்ந்தாள். காலையில் மோர் கொண்டு வந்த குரல்.

“தாஷ்தெமிர் வந்தான். தாஷ்தெமிர் இரும்பை வளைச்சான்.” கொஞ்சம் நிறுத்தம். “தாஷ்தெமிர் என் கையை வளைச்சான். நேத்து இல்ல, முந்தாநாள் இல்ல. வந்த நாள்ல இருந்து.”

சாமான் அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் கைகள் நின்றன.

“பூர்மகான், உன்கிட்டதான் கேக்கறேன். பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே தவிர எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா கொன்னுருவேன்னாரு. இந்தப் பேரை எப்படி எழுதறதுன்னு சொல்லு. கோர்ட்டுக்கு மனு எழுதணும். அதுல இந்தப் பேரு தப்பில்லாம இருக்கணும்.”

முடிந்தது.

“அம்மா,” என்றாள் செசிம். “பெரியம்மா இதைத் தனியா அனுப்பல. குழுவுக்கு அனுப்பியிருக்காங்க. எல்லாரும் கேட்டிருப்பாங்க. பெரியப்பாவும் குழுவுலதான் இருக்காரு.”

தெரியாமல் அனுப்பினாளா, தெரிந்தே அனுப்பினாளா, எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எதிரே வீட்டுக்குள் ஒரு நாற்காலி விழுந்தது. கொட்டில் பக்கம் விரைந்து போகும் காலடி கேட்டது.

பூர்மகான் மெத்தையிலிருந்து குதித்தாள். வாசலைத் தள்ளித் திறந்துகொண்டு, துரத்தப்பட்ட வளவுக்குள்ளேயே மறுபடி நுழைந்தாள். பின்னாலேயே நாங்களும் நுழைந்தோம். ஓடிக்கொண்டே செல்பேசியை வாயருகே கொண்டுபோனாள். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது.

“அக்கா, முதல் எழுத்து ‘தா’,” என்றாள், மூன்று கிராமத்துக்கும் கேட்க. “எழுதிக்கோ. நாங்க எல்லாரும் வந்துக்கிட்டே இருக்கோம்.”